செடிக்கும் சுழி பார்க்கவேண்டும்!

மோட்டார் சைக்கிளுக்குப் போடும் பெட்ரோல் எங்கே இருந்து வருகிறது? "அரபு நாட்டு எண்ணெய்க் கிணற்றிலிருந்து" என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

அந்தப் பதில் இப்போது முழுக்கச் சரி அல்ல!

நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 100-க்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை 2025-ஆம் ஆண்டில் வந்துவிட்டது. எத்தனால் என்பது எரிசாராயம். கரும்பிலிருந்தும், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், அரிசியிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். அதாவது, வண்டி ஓடுவதற்கு வேண்டியதில் ஒரு பங்கு குடியானவரின் வயலில் விளைகிறது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மதுராந்தகத்தை அடுத்த படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆகவே, இது டெல்லியில் இருப்பவர்கள் மட்டும் பேசவேண்டிய விஷயம் அல்ல. நம் வயல் விஷயம்.

எரிபொருளுக்காகப் பயிர் செய்யச் சொல்கிறது சர்க்கார். செய்யலாம். வெளிநாட்டுக்குப் போகும் பணம் நம் ஊர்க் குடியானவரின் கைக்கு வந்தால் நல்லதுதானே?

ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். எந்தச் செடியை நடச் சொல்கிறார்களோ, அதை முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். சோதிக்காத செடியைக் குடியானவரின் தலையில் கட்டக்கூடாது.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை நாம் சூடு பட்டிருக்கிறோம்.

காட்டாமணக்கின் கதை

காட்டாமணக்கு நமக்குப் புதிய செடி அல்ல. கிராமங்களில் அதை வேலிக்கு நடுவார்கள். ஆடு மாடு வாய் வைக்காது. காம்பை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பாலில் ஊதி, குமிழி விட்டு விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. (ஏரியிலும் வாய்க்காலிலும் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு. அதற்கும் இதற்கும் உறவு இல்லை.)

இதன் விதையில் 100-க்கு 30 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயைப் பக்குவம் செய்தால் டீசலுக்குப் பதிலாக ஊற்றலாம். 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரெயிலை, 100-க்கு 5 பங்கு தாவர டீசல் கலந்து ஓட்டிக் காட்டினார்கள்.

அவ்வளவுதான். நாடு முழுவதும் ஒரே பேச்சு! "தண்ணீர் வேண்டாம். உரம் வேண்டாம். தரிசு நிலத்திலும் காய்க்கும். ஒருமுறை நட்டால் பல ஆண்டு பலன்" என்றார்கள். 2003-ல் மத்திய திட்டக் கமிஷன் ஒரு பெரிய திட்டம் தீட்டியது. டீசலில் 100-க்கு 20 பங்கு தாவர எண்ணெய் கலக்கவேண்டும். அதற்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டது. தமிழ்நாட்டிலும் நாற்று வந்தது. கடன் வந்தது. குடியானவர்கள் நட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

செடி வளர்ந்தது. காய் காய்க்கவில்லை! காய்த்த இடத்திலும் சொன்ன அளவில் பாதிகூடத் தேறாமல் போயிற்று. காய்கள் ஒரே சமயத்தில் பழுக்காததால், திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்கவேண்டி இருந்தது. கூலிக்கே கட்டவில்லை. தமிழ்நாட்டில் காட்டாமணக்கு நட்ட ஊர்களை நேரில் ஆராய்ந்து, 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. "விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. இந்தப் பயிர் கட்டுப்படி ஆகவில்லை. இனிமேல் ஆகுமா என்பதும் தண்ணீர் வசதியைப் பொறுத்ததுதான்" என்பது அதன் சாரம்.

பலர் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். போனது நாற்று மட்டுமா? நிலம் அத்தனை காலம் சும்மா கிடந்தது. அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

எங்கே தவறு?

காட்டாமணக்கு நம் நாட்டுச் செடி அல்ல. மெக்சிகோவும் அதை அடுத்த மத்திய அமெரிக்காவும்தான் அதன் தாய்வீடு. போர்த்துக்கீசியர்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது என்பார்கள்.

நெல்லை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறான். நல்ல கதிரை எடுத்து விதைக்கு வைப்பது நம் பாட்டிமார் செய்த வேலை. காட்டாமணக்குக்கு அப்படி யாரும் செய்யவில்லை. அது வேலியில் நின்ற காட்டுச் செடி. ஒரு பெண் பூவுக்கு ஏராளமான ஆண் பூ பூக்கும். பெண் பூதானே காயாகும்? காய் குறைந்ததில் என்ன ஆச்சரியம்!

விஞ்ஞானிகள் பல நாட்டுக் காட்டாமணக்கின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒரு விஷயம் தெரிந்தது. இந்தியாவிலும், சீனாவிலும், ஆப்பிரிக்காவிலும் இருக்கும் செடிகள் ஏறக்குறைய ஒரே அச்சு! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. மெக்சிகோவில்தான் வகை வகையாக இருந்தது.

இதன் பொருள் என்ன? நம் நாட்டில் ஊர் ஊராய்த் தேடினாலும் "நல்ல ஜாதி" காட்டாமணக்கு கிடைப்பது கஷ்டம். நல்லது, கெட்டது என்று பிரிக்க வேறுபாடு இருந்தால்தானே பொறுக்க முடியும்?

இந்தச் சோதனையை முதலில் செய்து, நாற்றைப் பிறகு கொடுத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பித்திருக்கும்! நாம் நாற்றை முதலில் கொடுத்தோம். சோதனை பிறகு வந்தது.

சுழியும் குடையும்

அது என்ன மரபணுச் சோதனை? சுலபமாகவே சொல்லலாம்.

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். ஏரில் பூட்டி ஓர் ஆண்டு ஓட்டிப் பார்த்துவிட்டா பணம் கொடுக்கிறார்? இல்லை. வெளியே தெரியும் அடையாளத்தைக் கொண்டு உள்ளே இருக்கும் குணத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.

செடிக்கும் அப்படி அடையாளம் உண்டு. ஆனால் அது தோலில் இல்லை. ஒவ்வோர் இலையிலும், ஒவ்வோர் அணுவறையிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. தாய் தந்தையிடமிருந்து வந்த குணங்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கின்றன. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து, "இந்தச் செடிக்கு இந்தக் குணம் உண்டு" என்று சொல்லலாம். அந்த இடத்துக்குத்தான் மரபணு அடையாளம் என்று பெயர்.

மாட்டுச் சுழி நம்பிக்கை. இது நூற்றுக்கணக்கான செடிகளை வளர்த்து, சரிபார்த்துக் கண்ட கணக்கு.

எப்படிக் காண்கிறார்கள்? காஞ்சிபுரத்தில் கருட சேவை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கூட்டத்தில் பெருமாள் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனால் தலைகளுக்கு மேலே குடை தெரியும். குடை வரும் இடத்தில் பெருமாள் வருகிறார் என்று கைகூப்புகிறோம். அதுபோல, ஒரு குணத்தைத் தரும் மரபணு எங்கே என்று தெரியாமல் போனாலும், அதை ஒட்டியே வரும் ஓர் அடையாளம் தெரிந்தால் போதும். தலைமுறை தலைமுறையாக இரண்டும் சேர்ந்தே போகும்.

சில சமயம் கூட்ட நெரிசலில் குடை பின்தங்கும். அப்போது நாம் ஏமாந்துபோவோம். செடியிலும் அப்படி நேரும். மரபணுவுக்கு மிக நெருக்கமான அடையாளத்தைத் தேடுவதில்தான் விஞ்ஞானியின் திறமை இருக்கிறது.

இதில் என்ன லாபம்? காலம்! ஒரு மரம் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாற்றங்காலில் இரண்டு இலை விட்டதும், ஒன்றைக் கிள்ளிச் சோதித்தால் போதும். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம் முன்னோர்கள் சொன்னார்கள். இப்போது அது நிஜமாகவே தெரிகிறது.

காட்டாமணக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. அதன் விதை விஷம். குழந்தைகள் கடலை என்று நினைத்துத் தின்றுவிட்டு, வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது உண்டு. (தாய்மார்கள் இதை மறக்கவேண்டாம்.) எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்க முடியாது. ஆனால் மெக்சிகோவில் விஷம் இல்லாத காட்டாமணக்கும் இருக்கிறது. அங்கே விதையை வறுத்துச் சாப்பிடுகிறார்கள்! விஷத்தைத் தீர்மானிக்கும் இடம் மரபணுவில் எங்கே இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2013-ல் வெளியிட்டார்கள். இந்த இரண்டு வகையையும் ஒட்டுச் சேர்த்தால், எந்த நாற்றுக்கு விஷம் இல்லை என்பதைக் காய்க்கும் முன்பே பிரித்துவிடலாம்.

நெல்லில் இது பழைய செய்தி. "சுவர்ணா" என்ற நெல்லைத் தண்ணீர் மூழ்கடித்தால் அழுகிவிடும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் வெள்ளத்தைத் தாங்கும் குணம் இருந்தது. மரபணு அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தக் குணத்தைச் சுவர்ணாவுக்குக் கொண்டுவந்தார்கள். 2009-ல் நம் நாட்டில் வெளியான அந்தப் புதிய நெல், சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் ஏரியாகிப்போவதைக் கண்ட நம் பக்கத்து மக்களுக்கு அதன் அருமை தெரியும்.

கோவை காட்டிய வழி

சரி, எரிபொருள் பயிரில் நமக்கு நம்பிக்கை தருவது எது? கரும்புதான்.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பார்பர் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானியும், டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். "வெள்ளை" என்ற இனிப்புக் கரும்பையும், ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் ஒட்டுச் சேர்த்தார்கள். ஒன்றில் இனிப்பு. மற்றதில் உரம். பிறந்த பிள்ளைதான் 1918-ல் வெளியான "கோ 205". அது வடநாட்டுக் குளிரையும் தாங்கி விளைந்தது.

பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது ஐதீகம். கோவையில் காட்டுக் கரும்பு இனித்தது விஞ்ஞானம்!

ஆனால் பொறுமை வேண்டும். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் பயிராகும் "கோ 86032" ரகத்தின் கதையைப் பாருங்கள். 86 என்பது 1986-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அந்த ஆண்டில் பொறுக்கி எடுத்த செடி, பல வயல்களில் சோதனை முடிந்து 2000-ல்தான் வெளியாயிற்று. 14 ஆண்டுகள்! பிறந்த குழந்தை எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் காலம்.

நோய் அவ்வளவு காலம் காத்திருக்குமா? 2009-ல் வெளியான "கோ 0238" உத்தரப்பிரதேசத்தில் பிரமாதமாக விளைந்தது. அங்கே பெரும்பாலான கரும்பு வயல்களை அந்த ஒரே ரகம் பிடித்துக்கொண்டது. பிறகு செவ்வழுகல் நோய் வந்தது. ஒரே ரகம் என்பதால் வயல் வயலாக நாசம்.

இங்கேதான் மரபணு அடையாளம் கைகொடுக்க வேண்டும். கரும்புக்குத் துரு நோய் என்று ஒன்று உண்டு. அதைத் தடுக்கும் ஒரு மரபணுவின் அடையாளத்தை, ரீயூனியன் தீவின் கரும்பு ஒன்றில் கண்டுபிடித்தார்கள். நம் தமிழர்கள் கூலிகளாகக் கப்பல் ஏறிப்போய்க் கரும்பு வெட்டிய அதே தீவுதான்! இன்று பல நாடுகளில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று நாற்றிலேயே பார்த்துக்கொள்கிறார்கள்.

கரும்பில் இந்த வேலை லேசானது அல்ல. மனிதனுக்கு 46 குரோமோசோம். நெல்லுக்கு 24. கரும்புக்கோ 100 முதல் 130 வரை! பெரிய நூல் சிக்கல். ரீயூனியன் கரும்பின் மரபணு முழுவதையும் படித்து விஞ்ஞானிகள் வெளியிட்டது 2024-ல்தான். ஆகவே வேலை இப்போதுதான் சூடுபிடிக்கிறது. இந்த நேரத்தில் நாம் பின்தங்கக்கூடாது.

பயம் வேண்டாம், பேராசையும் வேண்டாம்

"மரபணு என்கிறீர்களே, இது மரபணு மாற்றுப் பயிரா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். அல்ல. அது வேறு, இது வேறு. ஓலைச்சுவடியைப் படிப்பது ஒன்று. அதில் புதிதாக எழுதுவது இன்னொன்று. மரபணு அடையாளம் பார்ப்பது, படிப்பது மட்டும்தான். மகரந்தத்தைச் சேர்த்து விதை எடுப்பது பழைய முறையிலேயே நடக்கிறது. பிறந்த பிள்ளைகளில் எது நல்லது என்று பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை.

"அப்படியானால் இனிமேல் எல்லாம் பொன்விளையுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் இல்லை. விஷம் உண்டா இல்லையா, நோய் தாக்குமா தாக்காதா என்பதுபோன்ற குணங்களை ஓர் அடையாளத்தைக் கொண்டு சொல்லலாம். மொத்த விளைச்சல் என்பது அப்படி அல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து இழுக்கும் தேர் அது. மண், தண்ணீர், வெயில் எல்லாம் அதில் கை வைக்கும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் தேறிய செடி, வயலிலும் தேறவேண்டும். கோவையில் தேறியது உத்திரமேரூரில் தேறுமா என்பதை உத்திரமேரூர் மண்ணில்தான் பார்க்கவேண்டும்.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. கரும்பு ஓர் ஆண்டு நிலத்தில் நிற்கும் பயிர். தண்ணீர் அதிகம் குடிக்கும். பல்லவர் காலத்திலிருந்து வரும் வைரமேக தடாகம் என்னும் நம் பெரிய ஏரி, சோற்றுக்காக வெட்டியது. அதன் தண்ணீரில் வயிற்றுக்கு முதல் பங்கு. வண்டிக்கு மிச்சம் இருந்தால் பங்கு. குறைந்த தண்ணீரில் விளையும் கரும்பைத் தேடி எடுத்தால், அதுதான் உண்மையான முன்னேற்றம்.

நம் ஊர் காட்டிய நியாயம்

பரீட்சை பார்த்துப் பொறுப்புக் கொடுப்பது உத்திரமேரூருக்குப் புதிது அல்ல.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டில் பொறித்த கல்வெட்டு நம் ஊர்க் கோயில் சுவரில் இருக்கிறது. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அது சொல்கிறது. குடத்தில் கை விட்டு ஓலை எடுக்கும் காட்சி எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்பதற்கு அங்கே எத்தனை நிபந்தனை! வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் சொந்த நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் போகக்கூடாது!

பரீட்சை முதலில், குடம் பிறகு. 1,100 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர்களுக்குத் தெரிந்த நியாயம் இது. மனிதனுக்கு வைத்த அந்த நியாயத்தைச் செடிக்கும் வைப்போம் என்பதுதான் நமது கோரிக்கை.

சர்க்கார் என்ன செய்யவேண்டும்? எரிபொருளுக்காகப் பயிர் நடச் சொல்லும் முன், அதன் மரபணு வகைகளை ஆராயவேண்டும். கோவையில் இருக்கும் கரும்பு நிலையத்துக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த வேலைக்குத் தாராளமாகப் பணம் தரவேண்டும். ஒரே ரகத்தை ஊரெல்லாம் பரப்பாமல், நான்கைந்து நல்ல ரகங்களைத் தயாராக வைக்கவேண்டும். புதிய செடியை முதலில் சர்க்கார் பண்ணையில் நடவேண்டும். நஷ்டம் வந்தால் அதைத் தாங்கவேண்டியது சர்க்கார் கஜானா. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவரின் குடும்பம் அல்ல!

நாற்று விற்பவர்கள், ரகத்தின் பெயரையும், எங்கே, எத்தனை ஆண்டு சோதித்தது என்பதையும் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். சொன்ன ரகம்தானா, போலியா என்பதையும் இதே மரபணுச் சோதனையால் கண்டுபிடித்துவிடலாம். சந்தேகம் வந்தால் குடியானவர் ஓர் இலையைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ள மாவட்டம்தோறும் வசதி வேண்டும்.

குடியானவர்களும் கேட்கப் பழகவேண்டும். "ஏக்கருக்கு லட்சம் லாபம்" என்று நாளை ஒருவர் புதிய எண்ணெய்ச் செடியோடு ஊருக்குள் வருவார். வருவது நிச்சயம். அப்போது அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நான்கு கேள்வி கேளுங்கள். இது எந்த ரகம்? எங்கே சோதித்தீர்கள்? எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? காய்க்காவிட்டால் யார் பொறுப்பு?

கிராம சபைக் கூட்டத்திலும் இதையே கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பதிலை நோட்டில் எழுதி வாங்கட்டும்.

நல்ல பதில் வந்தால் தைரியமாக நடலாம். பதில் வராவிட்டால், நாற்று வந்த வண்டியிலேயே திரும்பிப் போகட்டும்!